நடுவயதில் வேலையை விட்ட அனுபவம்: பயத்தை எப்படிக் கடந்தீர்கள்?

காவிரிக்கரையான்:

பதினேழு ஆண்டுகள் ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்தேன், பெயர் வேண்டாம். நிதியாண்டு முடிவதற்குள் எட்ட வேண்டிய விற்பனை இலக்கு, அதாவது மார்ச் மாத டார்கெட் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2018 மார்ச்சில், வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் "இதில் கூடக் கிடைக்கும்மா" என்று சொல்லி, 2 லட்சம் ரூபாயை ஒரே தவணையாக, காப்பீட்டோடு சந்தை முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசியில் போட வைத்தேன். மறு ஆண்டு கண் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று வந்தார். ஐந்து ஆண்டுகள் முடியாமல் அந்தப் பணம் கைக்கு வராது என்பதையும், பாலிசியைத் திருப்பிக் கொடுப்பதற்கான 15 நாள் அவகாசம் எப்போதோ கடந்துவிட்டது என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சண்டை போடவில்லை. மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தில் நான் அன்று பென்சிலால் போட்டுக் காட்டிய கணக்கைத் திருப்பி வைத்து, "இது நீங்க எழுதினதுதானே சார்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஊழியர் சலுகை வட்டியில் வாங்கிய வீட்டுக்கடன், வேலையை விட்ட மறுநாளே சாதாரண வட்டிக்கு மாறிவிடும் என்ற ஒன்றே என்னைக் கட்டிப்போட்டிருந்தது. ஒருநாள் இரவு மனைவி நோட்டை எடுத்து வைத்து, "எவ்வளவு கூடும், எழுதுங்க" என்றார். மாதம் 6,400 ரூபாய் என்று வந்தது. அந்தத் தொகைக்காகவா இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தோம் என்று இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். இப்போது கும்பகோணத்தில் சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன்.

பழைய டெஸ்டர்:

உங்களுக்காவது மனத்தை உறுத்த ஒரு முகம் இருந்தது. சோழிங்கநல்லூரில் பதின்மூன்று ஆண்டுகள் மென்பொருள் சோதனை செய்த எனக்கு அப்படி எதுவும் இல்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது, யாரும் கடிந்து பேசவில்லை, அதனாலேயே விடுவதற்கு ஒரு காரணம் சொல்ல முடியாமல் ராஜினாமாக் கடிதத்தைப் பதினொரு மாதங்கள் டிராஃப்ட்டில் வைத்திருந்தேன். அப்ரைசல் நாளில் மேலாளர் என் சுயமதிப்பீட்டைத் திரையில் திறந்து வைத்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அது முந்தைய ஆண்டு நான் எழுதியது. ஆண்டை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தேன்; முடிந்துபோன புராஜெக்ட்டின் பெயர்கூட மூன்றாவது வரியில் அப்படியே இருந்தது. அவரும் கவனிக்கவில்லை, சென்ற ஆண்டின் அதே ரேட்டிங்கும் கிடைத்தது. அன்றிரவே கடிதத்தை அனுப்பினேன். பயம் அதன் பிறகுதான் முழுதாக வந்தது. நோட்டீஸ் காலமான 90 நாள்களில், கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று நினைக்காத காலை ஒன்றுகூட இல்லை. இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன்.

கோவை மில்காரர்:

நண்பர்கள் இருவரும் எழுதியிருப்பதைப் படித்தால் பயம் ஒரு நோட்டுக் கணக்கிலும் ஓர் அப்ரைசலிலும் தீர்ந்துவிடும் என்று இளையவர்கள் எண்ணிக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில பயங்கள் நியாயமானவை. நூற்பாலை வேலையை 2016இல் விட்டேன், மூன்றாம் மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது, மருத்துவமனைக் கவுண்டரில் பழைய நிறுவனத்தின் காப்பீட்டு அட்டையை நீட்டியபோது "இது இப்போ செல்லாதுங்க" என்றார்கள். அவ்வளவுதான் என் கதை.

ஆகவே கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால், வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம், ஆகவே அந்தக் கடிகாரத்தை முன்கூட்டியே ஓடவிடுவது நல்லது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்திருந்தால் கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை உண்டு: கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கினால் வரும் தொகையை நீங்களே போட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டுகள் முடித்தவர்களுக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு என்பதால், ஒன்பதாவது ஆண்டில் இருப்பவர்கள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

காவிரிக்கரையான்:

மில்காரர் ஐயா, பயம் நோட்டுக் கணக்கில் தீர்ந்தது என்று நான் எழுதவில்லை. அதற்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் போயின என்றுதான் எழுதினேன். காப்பீடு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

முதல் பதிவில் ஒன்றை விட்டுவிட்டேன். 2023இல் அந்தப் பாலிசியின் ஐந்து ஆண்டுகள் முடிந்ததும், ஆசிரியையின் வீட்டுக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு என் பழைய கிளைக்குச் சென்றேன். படிவத்தை வாங்கிப் பார்த்த இளைஞர் அவரை நிமிர்ந்து பார்த்து, "பணத்தை எடுத்து என்னம்மா பண்ணப்போறீங்க, இதைவிட நல்ல திட்டம் ஒண்ணு வந்திருக்கு" என்று தொடங்கினார். அம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.