எல்க் வேட்டைக்கு .30-06 போதுமா? குண்டு 150, 165, 180 கிரெயினில் எது?

காட்டுவழி:
வணக்கம். ஆறு வருடமாக வெள்ளைவால் மான் மட்டுமே வேட்டையாடியிருக்கிறேன். கையில் இருப்பது .30-06 தோட்டா போடும் துப்பாக்கி. போடுவது எப்போதும் 150 கிரெயின் சாதாரண ஈயக் குண்டு. இந்த முறை முதன்முதலாக எல்க் உரிமம் கிடைத்திருக்கிறது, அது வெள்ளைவாலைவிட மிகப் பெரிய மான். கூட வரும் இருவரும் அதைவிட வேகமாகக் குண்டை அனுப்பும் .300 வின்செஸ்டர் மேக்னம் வைத்திருப்பவர்கள். "இதை வைத்துக்கொண்டா எல்க்?" என்று சிரிக்கிறார்கள். துப்பாக்கியையே மாற்ற வேண்டுமா, குண்டின் எடையைக் கூட்டினால் போதுமா? 300 மீட்டரைத் தாண்டிச் சுடும் எண்ணம் எனக்கில்லை.

பழங்குழல்:
தம்பி, துப்பாக்கி இருக்கட்டும். அந்தக் குண்டை மட்டும் மாற்றுங்கள்.

180 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 11.7 கிராம், .30-06 குழலிலிருந்து நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மேக்னத்தில் அதே குண்டு 900. இரண்டையும் 200 மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்தால், 300 மீட்டரில் ஒன்றைவிட இன்னொன்று நாலு விரற்கடை கீழே படும், அவ்வளவுதான். ஆனால் ஒரே எடைத் துப்பாக்கியில் மேக்னம் சுடும்போது தோளில் தரும் உதை மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கும்.

நானும் ஆசைப்பட்டு மேக்னம் வாங்கியவன்தான். மேசையில் வைத்துச் சுட்டாலே குண்டுகள் சிதறின. ஸ்கோப்பைக் குறை சொன்னேன், அதைப் பிடித்திருக்கும் வளையங்களை இறுக்கினேன், தோட்டாவை மாற்றினேன். கூட வந்தவர் ஒன்றும் பேசாமல், எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை நடுவில் செருகிவிட்டார். விசையை இழுத்தேன். சத்தமே இல்லை, உதைக்குப் பயந்து நானே அசைத்ததில் குழல்முனை மட்டும் நன்றாகக் கீழே குத்தியது. கண்ணையும் மூடிக்கொண்டேனாம்! அடுத்த மாதமே அதை விற்றுவிட்டேன்.

இனி குண்டு. 150 மானுக்குச் சரி. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், தோள் எலும்பும் அதற்கேற்ற கனம். தூரத்தில் குண்டு வலுவிழந்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மேலுறை மெல்லிய குண்டு கிட்டத்தில்தான் உடையும், ஏனென்றால் அங்கேதான் வேகம் அதிகம். ஒருமுறை ஐம்பது மீட்டரில் என் 150 எல்க்கின் தோளில் பட்டுப் பொடியாகிவிட்டது. இருட்டும்வரை இரத்தத் தடம் பார்த்து நடந்து, இரண்டாவது குண்டில்தான் முடிந்தது. தோலுரித்தபோது மேலுறை தோளிலேயே கிடந்தது, துணுக்குகள்தான் உள்ளே போயிருந்தன. அந்த மாலையை இன்றும் நினைக்கப் பிடிக்காது.

ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளும், ஆழமாகப் போகும். ஆனால் உடையாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நாஸ்லர் 1946-இல் எல்க்கைவிடவும் பெரிய மானான மூஸ் ஒன்றைச் சுட்டபோது குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்தன. அவர் கையில் இருந்தது .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்பதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். அதன் பிறகுதான் நடுவில் தடுப்பு வைத்த 'பார்ட்டிஷன்' குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி கலையாமல் துளைத்துக்கொண்டு போகும். அந்த மாதிரி குண்டில் 180 எடுங்கள்.

மலைச்சாரல்:
ஐயா சொன்னதோடு ஒன்று. முழுச் செம்புக் குண்டு என்றால் 165 போதும். அது எடையை அதிகம் இழக்காது, அதனால் ஈயத்தில் 180 செய்யும் வேலையைச் செய்துவிடும். செம்பு ஈயத்தைவிட லேசு, ஆகவே ஒரே எடைக்கு நீளம் கூடுதல். .30-06-இல் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகளின் வழக்கமான முறுக்கு, பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதை நிலையாகவே அனுப்பும். வேகம் வெகுவாகக் குறைந்தால் சரியாக விரியாது, 300 மீட்டருக்குள் அந்தக் கவலை இல்லை. நீங்கள் போகும் இடத்தில் ஈயத்துக்கு அனுமதி உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது.

அப்புறம், ஸ்வீடனில் மூஸுக்கு விதி என்ன தெரியுமா? 10 கிராமுக்குக் குறையாத குண்டு என்றால் 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றல் இருந்தால் போதும். அங்கே .30-06-ஐவிடச் சிறிய தோட்டாவான 6.5×55-ஐ வைத்தே காலங்காலமாக மூஸ் சுடுகிறார்கள். உங்கள் .30-06-இல் 180 கிரெயின் அதே தூரத்தில் 3000 ஜூலைத் தாண்டும்.

காட்டுவழி:
இரண்டு பேருக்கும் நன்றி. 180 பார்ட்டிஷன் ஒரு பெட்டி, 165 செம்பு ஒரு பெட்டி வாங்கி 100 மீட்டரில் மும்மூன்றாகச் சுட்டேன். 180 மூன்றும் 3 செ.மீ. வட்டத்துக்குள். செம்பு 7 செ.மீ.க்குப் பரவியது. போலித் தோட்டாவையும் செருகிப் பார்த்தோம். என் குழல் லேசாக அசைந்தது. மேக்னம் நண்பர்களில் ஒருவருடையது தரையையே பார்த்தது, பாவம். 150-க்கு வைத்த குறியை அப்படியே விட்டுவிடலாமா?

பழங்குழல்:
கூடாது. 180 வேறு இடத்தில் படும், பெரும்பாலும் கீழே. அதே பெட்டித் தோட்டாவை வைத்து 200 மீட்டருக்குப் புதிதாகச் சரிசெய்யுங்கள். செம்பை இன்னொரு நாள் குழலை நன்றாகத் துடைத்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள், முந்தைய குண்டின் படிவு இருந்தாலும் பரவும். குறி முடிந்ததும் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். மீதித் தோட்டா எல்லாம் மண்டியிட்டும் உட்கார்ந்தும் சுடத்தான்.