நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவை எவ்வளவு நம்பலாம்?

சாலைவாசி:
போன மாதம் எனக்கு ஓர் அபராத நோட்டீஸ் வந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டினேனாம். இணைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருப்பது ஒரு சரக்கு வண்டி; என்னுடையது கார். அந்த வண்டியின் பதிவெண்ணில் 3 இருக்கும் இடத்தில் என் காருக்கு 8. மற்றபடி இரண்டும் ஒன்றே. அந்த 3-க்கு இடப்பக்கம், பலகையை முடுக்கிய திருகாணியின் தலை துருப்பிடித்துக் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. நமக்கு அது திருகாணி. கேமராவுக்கு அது 3-இன் திறந்த வாயை அடைத்து 8 ஆக்கிய கோடு.

மூன்று முறை அலைந்த பிறகுதான் அபராதம் ரத்தானது. யாராவது ஒருவர் அந்தப் படத்தை ஒரு நொடி பார்த்திருந்தால் நோட்டீஸே கிளம்பியிருக்காது. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் புகார். மனிதக் கண் படாமல் தண்டம் விதிக்கும் இயந்திரத்தை நாம் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

வில்லை:
நான் இந்தக் கேமராக்களைப் பொருத்தும் வேலையில் இருப்பவன். ஆகவே என்னை ஒரு தரப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் வண்டி அரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பதிவெண் வெறும் தீற்றலாகப் பதியும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3 சென்டிமீட்டர்கூட நகராது. ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்தில் போதிய வெளிச்சம் உள்ளே வர வேண்டுமே! அதற்குத்தான் கேமராவின் பக்கத்திலேயே அகச்சிவப்பு விளக்கு. பல நாடுகளின் பலகைகளில் ஒட்டியிருக்கும் படலம், ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும். எனவே இரவுப் படத்தில் கார் இருட்டில் கரைந்துவிடும், பலகை மட்டும் பளிச்சென்று நிற்கும்.

பிறகு மென்பொருளின் வேலை. படத்தில் பலகை எங்கே என்று தேடும், சாய்வை நிமிர்த்தும், எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கும், கடைசியில் அந்த நாட்டுப் பதிவெண் அமைப்போடு ஒப்பிடும். இந்த இடத்தில் எழுத்துதான் வரும் என்ற விதி இருந்தால், சுழியம்போலத் தெரிவதை ‘ஓ’ என்று திருத்திக்கொள்ளும். ஆனால் 3-உம் 8-உம் இரண்டுமே எண்கள். விதி அங்கே உதவாது.

உங்கள் விஷயத்தில் கேமரா தவறாகப் படித்தது உண்மை. ஆனால் அந்தப் பதிவெண்ணுக்கு உரியது கார், படத்தில் இருப்பது சரக்கு வண்டி என்று ஒப்பிடாமல் நோட்டீஸை அச்சடித்தது யார்? அது கேமராவின் குற்றமல்ல.

தென்றல்:
எதிர்ப்பவர்கள் என் கதையையும் கேளுங்கள். விடியற்காலையில் வாசலில் நின்ற கார் காணாமல் போயிற்று. புகார் கொடுத்துப் பதிவெண்ணைத் தேடப்படும் வண்டிகளின் பட்டியலில் ஏற்றிய மூன்றாவது மணி நேரத்தில், வேறோர் ஊரின் நுழைவாயிலில் இருந்த கேமரா அதைக் காட்டிக்கொடுத்தது. இது புதிய கூத்தும் இல்லை. பிரிட்டனில் 1976-இல் இந்த நுட்பத்தை உருவாக்கினார்கள். 1981-இலேயே இதைக் கொண்டு திருட்டுக் கார் ஒன்றைக் கண்டுபிடித்து ஆளைக் கைது செய்தார்கள். ஒரு திருகாணிக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா?

கணக்கன்:
ஒரு திருகாணி இல்லை, அம்மா. நூற்றுக்கு 98 சரியாகப் படிக்கும் கேமரா என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. அதன் முன்னால் நாளைக்கு ஒரு லட்சம் வண்டிகள் போனால், தவறாகப் படிக்கப்படுபவை 2,000. ஒரே ஒரு கேமராவில், ஒரே ஒரு நாளில்.

இன்னொன்று, சிரிப்பதற்காக. 2021-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பஸ்களுக்கான தடத்தில் ஒரு பெண் நடந்து போனார். அவருடைய சட்டையில் ‘நிட்டர்’, அதாவது பின்னல் போடுபவர், என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. கைப்பையின் வார் அந்தச் சொல்லின் குறுக்கே கிடந்தது. கேமரா ‘ஐ’ எழுத்தை 1 என்றும், வார் மறைத்த ‘டி’ எழுத்தை 9 என்றும் படித்தது. அந்தப் பதிவெண் கொண்ட வேனின் சொந்தக்காரருக்கு, வேறோர் ஊரில், அபராதம் போயிற்று. இணைத்த படத்தில் வேனே இல்லை. சாலையில் ஒரு பெண் நடக்கிறார், அவ்வளவுதான்.

வில்லை:
அந்தக் கதையை எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லிச் சிரித்தோம், மறுக்கவில்லை. ஆனால் கணக்கன் கணக்கை முடிக்கவில்லை. தேடப்படும் வண்டியைப் பிடிக்கும் வேலையில், அந்த 2,000-இல் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லாத எண்களாக மாறி, யாருக்கும் தொல்லையின்றிக் கழிந்துவிடும். தவறாகப் படித்த எண், தற்செயலாகத் திருட்டு வண்டி ஒன்றின் எண்ணாகவும் அமைய வேண்டும். அது அபூர்வம்.

கணக்கன்:
அபூர்வம்தான். அமையும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2009-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணின் காரில் இருந்த 3-ஐ 7 என்று கேமரா படித்தது. 7 இருந்த எண் ஒரு திருட்டுச் சரக்கு வண்டியுடையது. எண்ணைக் கண்ணால் சரிபார்க்காமலேயே போலீசார் அவரைத் துப்பாக்கி முனையில் மண்டியிட வைத்து விலங்கு மாட்டினார்கள். சாலைவாசி, இங்கேயும் கார், சரக்கு வண்டி! 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் தொடுத்த வழக்கை நடத்த அனுமதித்தது.

சரியாகப் படித்தாலும் போதாது. 2020-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து அரோரா நகரில் ஒரு குடும்பத்தின் காரை நிறுத்திச் சிறுமிகளைத் தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். தேடப்பட்ட எண் வேறொரு மாநிலத்தின் மோட்டார் சைக்கிளுடையது. எண் ஒன்றுதான், மாநிலமும் வேறு, வண்டியும் வேறு. பின்னர் நகர நிர்வாகம் 19 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. வில்லை சொல்வதுபோல இதிலும் குற்றம் கேமராவுடையது அல்ல. ஆனால் திரையில் ‘திருட்டு வண்டி’ என்று வந்தவுடன் மனிதன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறானே, அதை யார் கணக்கில் சேர்ப்பது?

நிழல்:
நீங்கள் எல்லோரும் தவறாகப் படிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் சரியாகப் படிப்பதில்தான்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் போலீஸ் சுமார் மூன்றரை ஆண்டுகளில் சேர்த்த 46 லட்சம் பதிவுகளை ஒரு செய்தித்தளம் தகவல் கேட்டுப் பெற்று 2015-இல் ஆராய்ந்தது. அவற்றில் தேடப்படும் வண்டியோடு பொருந்தியவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மீதி எல்லாம் வேலைக்குப் போனவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டவர்கள். அந்தப் பதிவுகளைக் கொண்டே, ஒரு நகரமன்ற உறுப்பினர் எந்தத் தெருப்பகுதியில் வசிக்கிறார் என்று ஒரு நிமிடத்துக்குள் ஊகித்துவிட்டார்கள். ஒரு படம் ஒன்றும் சொல்லாது. இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் ஒரே தெருவில் எடுத்த இருபது படங்கள், நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்று சொல்லிவிடும்.

தென்றல்:
குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டால் சண்டைக்கு வருவீர்கள். அதனால் வேறு விதமாகக் கேட்கிறேன். ஒருவன் சாலையில் ஆளை அடித்துப் போட்டுவிட்டு ஓடுகிறான். அவனுடைய எண் எந்தப் பட்டியலிலும் முன்கூட்டியே இருக்காது. பார்த்த சாட்சி நான்கு நாள் கழித்து வந்து, வெள்ளைக் கார், கடைசி இரண்டு எண்கள் இவை என்கிறார். அன்றைய பதிவுகளை உடனே அழித்துவிட்டிருந்தால், செத்தவன் வீட்டுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

சாலைவாசி:
நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

நிழல்:
என்னிடம் பாதிப் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம், பொருந்தாத பதிவுகளை 3 நிமிடத்துக்குள் அழிக்கச் சொல்கிறது. அது தென்றல் சொல்லும் சாட்சிக்கு உதவாது, ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், பொருந்தாத பதிவை உடனே அழித்துவிட்டால் யாருடைய உரிமையும் பாதிக்கப்படவில்லை என்று 2008-இல் சொன்னது. 2018 டிசம்பரில் அதையே மாற்றிக்கொண்டு, பொருந்தாவிட்டாலும் ஒருவருடைய எண்ணைச் சோதிப்பதே அவருடைய உரிமையில் தலையிடுவதுதான், அதற்குத் தக்க காரணம் வேண்டும் என்றது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2020-இல் வேறொரு கோட்டைக் கிழித்தது: இரண்டு பாலங்களில் நான்கு கேமராக்கள் என்றால் பரவாயில்லை, ஆனால் போதுமான இடங்களில் போதுமான கேமராக்கள் இருந்து, அவற்றின் பதிவுகளையும் நெடுநாள் வைத்திருந்தால், அது ஒருவருடைய நடமாட்டத்தையே சோதனை போடுவதாகிவிடலாம்.

சாட்சி நான்கு நாளில் வருகிறாரா? பத்து நாள் வையுங்கள். நீதிமன்ற அனுமதியோடு திறந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கில் வைப்பது எதற்கு?

தென்றல்:
பதினோராவது நாள் சாட்சி வந்தால்?

நிழல்:
அப்படிக் கேட்டுக்கொண்டே போனால் எந்த நாளும் போதாது. ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். வில்லை, நீங்கள் பொருத்தும் கேமராக்கள் எத்தனை நாள் வைத்திருக்கின்றன?

வில்லை:
இந்தக் கேள்விக்காகவே இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

அமைப்புப் பக்கத்தில் ‘சேமிப்புக் காலம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவது என் வேலை இல்லை, வாங்கியவர்களின் வேலை. நான் பார்ப்பது கோணம், வெளிச்சம், ஷட்டர். நேற்று பராமரிப்புக்குப் போன இடத்தில் முதல் முறையாக அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. காலியாக இருந்தால், வட்டு நிரம்பும் வரை எதையும் அழிக்க வேண்டாம் என்று பொருள். அந்தக் கேமரா வேலை செய்யத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வட்டில் இன்னும் பாதி இடம் மிச்சம்.