ஸ்டீயரிங் ஜாயின்ட்டைத் தண்டுடன் இணைக்கப் பாதுகாப்பான வழி எது?

கேள்வி
எழுதியவர்: இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்

வணக்கம். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் கார் போட்டிக்காக எங்கள் அணி ஒற்றை இருக்கைக் கார் ஒன்றைக் கட்டி வருகிறது. மாருதி 800 காரின் ரேக்கையும் (சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்), பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்டுகளையும் (கோணத்தில் வளைந்தபடியே சுழலும் இணைப்புகள்) பயன்படுத்துகிறோம். ரேக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரமான பினியனின் பக்கத்தில் ஜாயின்ட்டின் ஸ்ப்ளைன் (நீளவாக்குப் பற்கள்) அப்படியே பொருந்துகிறது. இரண்டு ஜாயின்ட்டுகளுக்கும் நடுவில் வரும் தண்டைத்தான் நாங்களே செய்ய வேண்டும். அதற்கு 20 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. சுவர்த் தடிமனும் உள்ள மைல்ட் ஸ்டீல் குழாய் எடுத்துவைத்திருக்கிறோம். மேல் ஜாயின்ட் 30 பாகையிலும் கீழ் ஜாயின்ட் 20 பாகையிலும் வளைகின்றன.

ஜாயின்ட்டைக் குழாயுடன் நேரடியாக வெல்டு செய்துவிடலாம் என்கிறார் ஒருவர். குறுக்கே துளையிட்டு எம்6 (6 மி.மீ.) போல்ட் ஒன்று போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். இரண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) வைத்து லாக்டைட் (மரைப் பசை) தடவலாம் என்பது மூன்றாவது கருத்து. இவற்றில் எதை நம்பலாம்?

மறுமொழி
எழுதியவர்: லேத் பட்டறை, சிங்காநல்லூர்

தம்பி, திருப்பு விசையைத் தாங்குவது ஒரு வேலை, ஜாயின்ட் கழன்று வராமல் பிடித்துக்கொள்வது வேறொரு வேலை. உங்கள் பினியன் பக்கத்தையே பாருங்கள். திருப்பு விசை முழுவதையும் ஸ்ப்ளைன் பற்கள் தாங்குகின்றன. கவ்வும் போல்ட், பற்களுக்கு நடுவே வெட்டப்பட்டுள்ள பள்ளத்தின் குறுக்கே உட்காருவதால், அது சற்றுத் தளர்ந்தாலும் தன் இடத்தில் இருக்கும் வரை ஜாயின்ட் மேலே நழுவ முடியாது. ஆனால் ஜாயின்ட்டை முழுமையாக உள்ளே தள்ளாமல் பினியனின் நுனியை மட்டும் பிடிக்கவைத்தாலும் அந்தப் போல்ட் இறுகத்தான் செய்யும், கையால் ஆட்டிப் பார்த்தாலும் சரியாக இருப்பதாகவே தோன்றும். எனவே போல்ட்டைப் போடும் முன் துளை வழியாக டார்ச் அடித்து, பள்ளம் நேராகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது குறுக்குப் போல்ட் யோசனைக்கு வருகிறேன். 250 மி.மீ. ஸ்டீயரிங்கை ஓட்டுநர் இரு கைகளாலும் தலா 400 நியூட்டன் விசையில் இழுத்தால் 100 நியூட்டன் மீட்டர் வருகிறது. அதை 20 மி.மீ. தண்டின் குறுக்கே நிற்கும் போல்ட் தாங்க, இரண்டு பக்கங்களிலும் தலா 5,000 நியூட்டன் விழும். 8.8 என்ற வலிமைத் தரமுள்ள எம்6 போல்ட் அதில் அறுந்துவிடாது. குழாயின் சுவர்தான் தோற்கும்: 6 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள அந்தச் சிறிய பரப்பில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 417 நியூட்டன் அழுத்தம் விழுகிறது, மைல்ட் ஸ்டீலோ 250 அளவிலேயே நெகிழத் தொடங்கிவிடும். வட்டத் துளை நாளடைவில் முட்டை வடிவமாகும், ஸ்டீயரிங்கில் ஆட்டம் வரும், ஒவ்வொரு திருப்பத்திலும் துளை மேலும் அடிவாங்கும்.

உருண்டைத் தண்டின் மேல் கிரப் ஸ்க்ரூவை மட்டும் நம்புவதை நான் ஏற்கவே மாட்டேன், அது வெறும் உராய்வுப் பிடிப்புதான். அமெரிக்காவில் ஸ்ட்ரீட் ராட் எனும் மாற்றியமைத்த பழைய கார்களைக் கட்டுபவர்கள் கிரப் ஸ்க்ரூ போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அவர்களுடைய தண்டு ஸ்ப்ளைனாகவோ, இரண்டு பக்கமும் தட்டையான இரட்டை டி வடிவிலோ இருப்பதால் திருப்பு விசை அந்த வடிவத்திலேயே போய்விடுகிறது. ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் துளை வழியாகத் தண்டில் அடையாளம் வைத்து, பிரித்தெடுத்து, அந்த இடத்தில் டிரில்லால் குழி போட்டு, ஸ்க்ரூவின் முனையை அந்தக் குழிக்குள் இறக்கி, மேலே லாக் நட்டும் போடுகிறார்கள்.

நான் செய்வதாக இருந்தால், உங்கள் ஜாயின்ட்டில் சேரும் ஸ்ப்ளைன் முனைகள் இரண்டைப் பழைய ஸ்டீயரிங் தண்டுகளிலிருந்து வெட்டியெடுப்பேன். ஒவ்வொன்றின் பின்பகுதியையும் லேத்தில் 16 மி.மீ. வரை கடைந்து, குழாய்க்குள் 30 மி.மீ. ஆழம் இறுக்கமாக இறக்கி, வாயைச் சுற்றி வெல்டு வைத்து, குழாயின் பக்கவாட்டில் நான்கு துளையிட்டு அவற்றை நிரப்பும் வெல்டும் சேர்ப்பேன். வெல்டு ஸ்ப்ளைனிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். ஜாயின்ட்டுகளின் மீது சூடு படவே படாது, வேண்டும்போது கழற்றவும் முடியும்.

மறுமொழி
எழுதியவர்: முன்னாள் அணித் தலைவர்

நேரடி வெல்டிங்கை நாங்கள் செய்து பார்த்தோம், அதனால் சொல்கிறேன். ஜாயின்ட்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸைக் கழற்றாமல், அதைப் பிடிக்கும் கவட்டையான யோக்கை வெல்டு செய்தோம். ஆறிய பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட இடத்தில் மணல் அரைபடுவதுபோலக் கரகரத்தது. பிரித்துப் பார்த்தபோது பேரிங் கப்பின் உள்ளே கிரீஸ் கருகியிருந்தது, ஊசி பேரிங்குகள் நீலம் பாய்ந்திருந்தன. எர்த் கிளாம்ப்பை ஜாயின்ட்டின் மறுபக்கத்தில் மாட்டியிருந்ததால் மின்னோட்டம் பேரிங் வழியாகவே போய்ச் சிறுசிறு குழிகளையும் விட்டிருந்தது. வேறு வழியே இல்லாமல் யோக்கை வெல்டு செய்ய நேர்ந்தால் கிராஸை முழுவதும் கழற்றிவிடுங்கள், எர்த்தை வெல்டு வைக்கும் துண்டிலேயே மாட்டுங்கள்.

போட்டியின் தொழில்நுட்பச் சோதனை மேசையில் என்ன கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கின் மொத்த ஆட்டம் 7 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது. திருகு இணைப்புகள் குறைந்தது 8.8 தரத்தில், கண்ணுக்குத் தெரியும் வகையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். நைலாக் நட் (நைலான் வளையமுள்ள நட்), கோட்டர் பின், பாதுகாப்புக் கம்பி ஆகியவற்றை ஏற்பார்கள். லாக்டைட்டைப் பூட்டாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நைலாக் நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு மரை தெரிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஸ்ப்ளைன் முனை வழியையே பின்பற்றப் போகிறோம். இரண்டு முனைகளையும் எந்தக் கோணத்தில் வைத்து வெல்டு செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுமொழி
எழுதியவர்: லேத் பட்டறை, சிங்காநல்லூர்

நல்ல கேள்வி, வெல்டு ஆன பிறகு இதைத் திருத்துவது கடினம். மூன்று தண்டுகளும் ஒரே தளத்தில் இருக்கும்போது, நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் ஒன்றுக்கொன்று நேராக, ஒரே வாக்கில் இருக்க வேண்டும். வளைந்து சுழலும் ஒரு ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் தரும் வேக ஏற்றத்தாழ்வை மற்றது அப்போதுதான் ஈடுசெய்யும். உங்கள் 30, 20 பாகைகளுக்கு வேகத்தில் 8.5 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு மிச்சம் நிற்கும். யோக்குகளை 90 பாகை மாற்றி வைத்துவிட்டால் இரண்டும் கூடி 23 சதவீதம் ஆகும், கை அதைக் கட்டாயம் உணரும். முடிந்தால் மேல் பேரிங்கைச் சற்று நகர்த்தி இரு ஜாயின்ட்டுகளையும் 25 பாகைக்குக் கொண்டுவாருங்கள். ஜாயின்ட்டுகளை மாட்டி, யோக்குகளை நேர்செய்து, குழாயிலும் முனைகளிலும் ஊசியால் ஒரே கோடு கீறிக்கொள்ளுங்கள். பிறகு ஜாயின்ட்டுகளைக் கழற்றிவிட்டு வெல்டு வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் பெயின்ட்டால் மெல்லிய கோடு போட்டு, ரேக்கை அசையாமல் பூட்டி, டார்க் ரெஞ்சால் 100 நியூட்டன் மீட்டர் வரை இரு பக்கமும் பல முறை திருப்புங்கள். கோடு ஓர் இடத்தில் விலகினாலும் அந்தத் தண்டைக் காரில் மாட்டாதீர்கள்.