விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்: உங்கள் வண்டியில் எப்படிப் பிடித்தீர்கள்?

ஈரோட்டிலிருந்து:

பெட்ரோல் வண்டியில் ஆளை அதிகம் அலையவிடுவது இந்த விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்தான், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் உதறுவது. ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜினில் பழுதைத் தேடிவிடலாம். ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனதும் ஒழுங்காக ஓடுகிற வண்டியில் மெக்கானிக் எதைப் பார்ப்பார்? என் கதையைச் சொல்கிறேன், நீங்கள் பட்டதையும் எழுதுங்கள்.

என்னுடையது 1.2 லிட்டர், நாலு சிலிண்டர். ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் தரும் காயில், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியாக. சமதளத்தில் ஒரு குறையும் தெரியாது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும்போது, அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றைத் தாண்டி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி உதறும், செக் லைட் விட்டு விட்டு எரியும். மேலே ஆசனூர் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும். முதலில் பார்த்தவர்கள் பெட்ரோல் சரியில்லை என்று இன்ஜெக்டர் கிளீன் செய்தார்கள், த்ராட்டில் பாடி கிளீன் செய்தார்கள். உதறல் போகவில்லை.

பிறகு பார்த்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. “எப்ப சார் மிஸ் ஆகுது? ஐடில்லயா, ஏத்தத்துலயா? காலையிலயா, சூடான பிறகா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏற்றத்தில் மட்டும்தான் என்றதும் இக்னிஷன் பக்கம், அதாவது காயிலையும் பிளக்கையும், பார்க்கலாம் என்றார். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் கலவை அதிகம் அடைபடுகிறது, அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலில் சமாளித்துவிடும் காயில் அங்கே கைவிட்டுவிடும்.

ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீடு பி0302. கடைசி எண்தான் சிலிண்டர், அதாவது இரண்டாவது. புதுக் காயில் வாங்கச் சொல்லவில்லை. இரண்டாவதின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டு, “மறுபடி மலை ஏறிட்டு வாங்க” என்றார். இந்த முறை பி0303. பழுது காயிலோடு சேர்ந்தே இடம் மாறியிருந்தது. காயிலின் ரப்பர் உறையைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார்: உள்பக்கம் முடியளவு மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழ்வரை இறங்கியிருந்தது. இரண்டாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதேபோல ஒரு கோடு. ஸ்பார்க், பிளக்கின் முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டில் இறங்கி இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் பாய்ந்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய கோடு புதியதிலும் ஏறிவிடும் என்று காயிலையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றினார்.

சென்னையிலிருந்து:

அண்ணே, என்னுது அப்படியே தலைகீழ். சிஎன்ஜி வண்டி, டாக்ஸி ஓட்டுறேன். ஓடும்போது சுத்தமா இருக்கும், கிண்டி சிக்னல்ல நின்னா ஸ்டியரிங் வரைக்கும் நடுங்கும். பெட்ரோலுக்கு மாத்தினாலும் அதே நடுக்கம். ஸ்கேனர்ல வந்த குறியீடு பி0304. காயில் மாத்திப் பாத்தோம், பிளக் மாத்திப் பாத்தோம், பி0304 நாலாவது சிலிண்டரை விட்டு நகரவே இல்ல. அப்புறம்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம், பாத்தாங்க. மூணு சிலிண்டர்ல 12 பார் பக்கம், நாலாவதுல 8. பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பாத்தாங்க. பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருந்தா ஆயில் அடைச்சு அளவு ஏறணும். ஏறல. அப்ப வால்வுன்னு முடிவாச்சு. அந்தச் சிலிண்டருக்குள்ள காத்து ஏத்தினதும் சைலன்சர்ல உஸ்ஸுன்னு சத்தம், அதனால எக்ஸாஸ்ட் வால்வுன்னும் தெரிஞ்சுபோச்சு.

கேஸ்ல ஓடுற வண்டில வால்வு சீட், அதாவது வால்வு மூடும்போது உக்கார்ற வளையம், சீக்கிரம் தேயும். தேயத் தேய வால்வு மேல ஏறி, வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கிற பாகத்துக்கும் நடுவுல இருக்கிற டாப்பெட் இடைவெளி குறைஞ்சுகிட்டே வரும். ஒரு கட்டத்துல வால்வு முழுசா மூடாது. இன்ஜின் மெதுவா சுத்தும்போது கசிய நேரம் இருக்கு, வேகமா சுத்தும்போது இல்ல. ஐடில்ல மட்டும் நடுங்கினது அதனாலதான். ஹெட்டை இறக்க வேண்டியதாப் போச்சு. கேஸ் வண்டி வெச்சிருக்கவங்க டாப்பெட்டை நேரத்துக்கு, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. சர்வீஸ் லிஸ்ட்ல இருந்தாலும் நாம கேட்டாத்தான் பாக்கிறாங்க.

நாகர்கோவிலிலிருந்து:

எங்கள் வண்டியில் எலி. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் எலெக்ட்ரீஷியன் வயர் இணைப்புகளை, கப்ளர் கப்ளராக, விரலால் அசைத்துப் பார்த்தார். மூன்றாவது இன்ஜெக்டர் வயரைத் தொட்டதும் இன்ஜின் தடுமாறியது. இன்சுலேஷன் கடிபட்டு உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது, ஒன்றிரண்டு இழைதான் மிச்சம். குழியில் விழுந்தால் மட்டும் மிஸ் ஆனதன் காரணம் அதுதான்.

மதுரையிலிருந்து, மெக்கானிக்:

மூவர் எழுதியதும் வெவ்வேறு பழுது, ஆனால் மூன்றிலும் வழி காட்டியது “எப்போது” என்ற கேள்வி. இன்னொரு வகையையும் சேர்க்கிறேன். ஐடிலில் தடுமாற்றம், ரேஸ் செய்தால் சரியாகிறது, கம்ப்ரஷனும் நன்றாக இருக்கிறது என்றால் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு. ஐடிலில் கூட்டலாக நிறையக் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் இன்டேக் பக்கம் எங்கோ காற்றுக் கசிவு. பெரும்பாலும் வெடித்த ரப்பர் ஹோஸ். மாறாக, மிதிக்க மிதிக்கக் கூட்டல் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, பம்ப் பிரஷரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். செக் லைட் மின்னினால் அதோடு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்டருக்குள் போய் எரியும், அது உருகினால் காயிலைப் போலப் பல மடங்கு செலவு. அடுத்தது, எங்களிடம் வருமுன் பேட்டரி வயரைக் கழற்றி லைட்டை அணைக்காதீர்கள். பழுது நடந்த நொடியில் வேகம், லோடு, சூடு எவ்வளவு என்று இசியு பதிந்து வைத்திருக்கும். பழுதுக் குறியீட்டோடு சேர்ந்து அதுவும் அழிந்துவிடும். காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் இந்த வண்டிகளுக்கு ஆகாது. இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றினால் பெட்ரோலும் போகாது, எந்தச் சிலிண்டர் என்றும் தெரிந்துவிடும்.

சேலத்திலிருந்து:

அண்ணா, எனக்குக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கொஞ்ச நேரம் உதறுகிறது, கொஞ்சம் வெள்ளைப் புகை. பிறகு நாள் முழுக்க ஒன்றுமில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மட்டும் மெல்லக் குறைகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை.

மதுரையிலிருந்து, மெக்கானிக்:

தம்பி, இதைத் தள்ளிப்போடாதீங்க. வண்டி நிற்கும் ராத்திரியில் கூலன்ட் ஒரு சிலிண்டருக்குள் கசிகிற மாதிரி இருக்கிறது, ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கட் மேல்தான் என் சந்தேகம். சாயங்காலமே கூலன்ட் சிஸ்டத்துக்குப் பிரஷர் ஏற்றி வைத்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் நாலு பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாக இருப்பதோ, மற்றதைவிடக் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருப்பதோதான் அந்தச் சிலிண்டர். அதுவரை ஏற்காடு பக்கமெல்லாம் ஏற்ற வேண்டாம்.