பள்ளிக்கூடக் கிராஸ் கன்ட்ரி போட்டி எங்கே தொடங்கியது? தோட்டத்தில் நடத்த முடியுமா?

மஸ்கெலியா டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். விளையாட்டுக்கென்று தனியாக ஆசிரியர் இல்லாததால் விசிலும் என் கழுத்தில்தான் தொங்குகிறது.

போன தவணையில் நான்கு பிள்ளைகளை ஒரு கிராஸ் கன்ட்ரி போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். (மேடு, பள்ளம், புல், சேறு என்று திறந்த வெளியில் ஓடுகிற நெடுந்தூர ஓட்டம்; நகர்வல ஓட்டம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். நகரே இல்லாத இடத்தில் என்ன நகர்வலம்? எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாமே ‘மரதன்’தான், இரண்டு கிலோமீட்டர் ஓடினாலும் மரதன்.) பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் கொடியோடு நிற்க வேண்டியவர் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவள் இடப்பக்கம் இறங்கி, பீலிக்கரை வரைக்கும் ஓடி, அங்கே உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் வழி கேட்டுத் திரும்பி ஏறி வந்தாள். பதினேழாம் இடம். போய் முறையிட்டேன். பாதையைத் தெரிந்துகொண்டு ஓடுவது பிள்ளையின் பொறுப்பாம். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள் வாயே திறக்கவில்லை. காலில் அட்டை கடித்துக்கொண்டிருந்ததைக்கூட நான்தான் காட்ட வேண்டியிருந்தது.

பக்கத்துத் தோட்டங்களின் இரண்டு பாடசாலைகளோடு பேசியிருக்கிறேன். மூன்றும் சேர்ந்து நாமே ஒரு போட்டி வைத்தால் என்ன என்று யோசனை. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் இதைப் பெரிதாக நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கே, எப்படித் தொடங்கியது? அதிலிருந்து எங்களுக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

பழைய ஓட்டக்காரன், தலவாக்கலை:

டீச்சர், முதலில் அந்தப் பிள்ளையிடம் ஒரு கதை சொல்லுங்கள். 1876-இல் இங்கிலாந்தில் முதல் தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியை எப்பிங் காட்டில் வைத்தார்கள். ஓடிய அத்தனை பேருக்கும் பாதை தவறிவிட்டது. ஒருவர், இருவர் அல்ல, எல்லோருக்கும்! போட்டியே செல்லாது என்று அறிவித்துவிட்டு, அடுத்த வருடம் மறுபடி நடத்தினார்கள். ஓடியவர்களின் பொறுப்பு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

பாதை தவறுவது இந்த விளையாட்டோடு கூடப் பிறந்தது. இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிக்கூடங்களில் பையன்கள் ‘முயலும் வேட்டைநாயும்’ என்று ஒன்று விளையாடினார்கள். இரண்டு பேர் முயல். பை நிறையக் காகிதத் துண்டுகளைச் சிந்திக்கொண்டே வயல், வேலி, ஓடை எல்லாம் தாண்டி ஓடுவார்கள். மற்றவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் துரத்த வேண்டும். ஷ்ரூஸ்பரி, ரக்பி பள்ளிக்கூடங்கள் இதில் பெயர் போனவை. ரக்பியின் ‘கிரிக் ஓட்டம்’ 1830-களின் பிற்பகுதியில் தொடங்கியது. துரைமார்களின் ஊரில் பையன்கள் பொழுதுபோக்குக்கு ஓடியது போலத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கே ஓடினோம். காகிதம் மட்டும் இல்லை.

இனி அமெரிக்கா. 1979-இல் கின்னி என்ற சப்பாத்துக் கொம்பனி நாடு முழுவதற்குமான பள்ளிக்கூடப் போட்டியை ஆரம்பித்தது. இறுதிப் போட்டி கலிபோர்னியாவில், சான் டியேகோ நகரின் பல்போவா பூங்காவில், ஐந்து கிலோமீட்டர். 1993-இலிருந்து அதே கொம்பனியின் கடைப் பெயரான ‘ஃபூட் லொக்கர்’ போட்டிக்கும் வந்தது. நாட்டை நான்கு வலயமாகப் பிரித்து, வலயத்துக்கு எட்டுப் பேர், பின்னாளில் பத்துப் பேர் என்று இறுதிக்கு எடுத்தார்கள். நமது வலயமட்டம், மாகாணமட்டம் மாதிரித்தான்; ஆனால் அங்கே விமான டிக்கெட்டும் சப்பாத்தும் கொம்பனி செலவு.

பெண் பிள்ளைகளைப் படிப்பிக்கிற உங்களுக்காக ஒன்றை எடுத்துச் சொல்கிறேன். 1979-இல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500 மீட்டருக்கு மேல் ஓட்டமே கிடையாது. 3000 மீட்டரும் மரதனும் 1984-இல்தான் வந்தன. அப்படிப்பட்ட காலத்தில் இந்தப் போட்டி முதல் வருடத்திலிருந்தே பெண் பிள்ளைகளை ஓடவிட்டது. 1989, 1990 இரண்டு வருடமும் வென்றவர் மெலடி ஃபேர்சைல்ட், கொலராடோவின் போல்டர் ஊர்ப் பிள்ளை. மலைக்காற்றில் வளர்ந்ததுதான் காரணம் என்பார்கள். போல்டர் ஏறக்குறைய 1,650 மீட்டர் உயரம். நுவரெலியா 1,868. காற்றைப் பொறுத்தவரை நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. குறைவது சோறுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1970-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பேங்கொக் ஆசிய விளையாட்டில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் நமது நாட்டு லூசியன் ரோசா தங்கம் வென்றார் என்று தோட்டக் கடை வானொலியில் கேட்டோம். யார் இவர், சிங்களவரா தமிழரா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மறுநாளே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினோம், சுற்றுக் கணக்குக்குக் கல் போட்டுக்கொண்டு. கணக்கப்பிள்ளை துரத்திவிட்டார்.

ரோசா 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலும் ஓடிவிட்டு, அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தின் பார்க்சைட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். பிறகு அங்கேயே பயிற்சியாளரானார். நான் சொன்ன போட்டியின் மத்திய மேற்கு வலயத் தேர்வு பல ஆண்டுகளாக நடந்தது எங்கே தெரியுமா? கெனோஷாவில், அதே பார்க்சைட் வளாகத்தின் ஓட்டப்பாதையில். நவம்பர்க் குளிரில் அங்கே ஓடி வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடை வானொலி ஞாபகம் வரும்.

பண்டாரவளை மாஸ்டர்:

ஐயா எழுதியது சுவையாக இருக்கிறது. குறுக்கே விழுவதற்கு மன்னிக்கவும். சப்பாத்துக் கொம்பனி போட்டி நமக்கு எதற்கு? நாற்பது பேரை விமானத்தில் ஏற்றி, ஒருவருக்கு முதலிடம் கொடுத்து அனுப்புவது. நமது பிள்ளைகளில் ஒருத்தி வென்றால் பெரிய பாடசாலை ஒன்று வந்து கூட்டிக்கொண்டு போய்விடும். மற்றப் பிள்ளைகள் அதோடு ஓடுவதை விட்டுவிடுவார்கள். என் பாடசாலையில் இரண்டு தடவை நடந்தது. நான் இப்போது எல்லே (நம் ஊர் மட்டைப் பந்து விளையாட்டு) மட்டும்தான் விளையாடவிடுகிறேன்.

பழைய ஓட்டக்காரன், தலவாக்கலை:

மாஸ்டர், நீங்கள் குறுக்கே விழவில்லை, நான் வர நினைத்த இடத்துக்கு முதலில் வந்துவிட்டீர்கள். அந்தக் குறை அமெரிக்காவிலும் இருந்தது. தனித்தனியாக ஓடுகிறவர்களுக்கு இறுதிப் போட்டி உண்டு, ஒரு பள்ளிக்கூடம் அணியாக நாடு தழுவிப் போட்டியிட வழி இல்லை. 2004-இல் நைக்கி கொம்பனி அதற்கென்றே ஒன்றை ஆரம்பித்தது. இடம் போர்ட்லண்ட் நகரின் குதிரைப் பந்தயத் திடல். சேற்றிலும் வைக்கோல் கட்டுகளின் மேலும் பிள்ளைகளை ஓடவிட்டார்கள். நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலை டிசம்பர் மழையில் நினைத்துப் பாருங்கள், படம் கிடைத்துவிடும்.

முதல் வருடம் பையன்களில் வென்றது சிக்காகோவுக்குப் பக்கத்து எல்ம்ஹர்ஸ்டில் உள்ள யோர்க் உயர்நிலைப் பள்ளி. அதன் பயிற்சியாளர் ஜோ நியூட்டன் 28 தடவை மாநில வெற்றிக் கிண்ணம் வாங்கியவர். அவரிடம் எனக்குப் பிடித்தது கிண்ணம் அல்ல. ஓட வந்த எவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. நூற்றுக்கு மேல் பையன்கள். பயிற்சி முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் அவர் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அவர் பெயர் சொல்லி அனுப்பினார்.

டீச்சர், நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அணிக் கணக்கு ஒன்றுதான். விமானமும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம்.

மஸ்கெலியா டீச்சர்:

ஐயாவுக்கு மிக்க நன்றி. எப்பிங் காட்டுக் கதையை அவளிடம் சொன்னேன். ‘அவர்களுக்கு அட்டை கடித்ததா?’ என்று கேட்டாள். ஒரு மாதத்தில் அவள் ஓட்டத்தைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அணிக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. நேரத்தையெல்லாம் கூட்ட வேண்டுமா? எங்களிடம் இருப்பது ஒரேயொரு கைத்தொலைபேசிக் கடிகாரம். மாஸ்டர் சொன்னதும் உண்மை. வேகமாக ஓடுகிறவள் எங்களிடம் ஒருத்திதான். மற்றவர்கள் சுமார்.

பழைய ஓட்டக்காரன், தலவாக்கலை:

நேரமே வேண்டாம் டீச்சர். ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வருகிற ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கு வெற்றி. முதல் ஐந்து இடமும் ஒரே அணிக்கு வந்தால் 15. அதற்குக் கீழே போக முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேல் தோட்டப் பிள்ளைகள் 1, 2, 12, 14, 16 என்று வருகிறார்கள். முதலாம், இரண்டாம் இடம் அவர்களுக்கு, கைதட்டல் எல்லாம் அவர்களுக்கு. கூட்டினால் 45. கீழ்த் தோட்டப் பிள்ளைகள் 4, 5, 6, 8, 10. கூட்டினால் 33. முதல் மூன்று இடத்துக்குள் ஒருத்தி கூட இல்லை, கிண்ணம் அவர்களுக்கு.

ஆறாவது, ஏழாவது பிள்ளையின் இடத்தைக் கூட்டுவதில்லை. ஆனாலும் அவர்கள் சும்மா ஓடவில்லை. கீழ்த் தோட்டத்து ஆறாவது பிள்ளை 11-ஆவதாகவும் ஏழாவது 13-ஆவதாகவும் வந்ததால்தான் மேல் தோட்டத்தின் மற்ற மூவரும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். அந்த இருவரும் ஓடாதிருந்தால் மேல் தோட்டத்துக்கு 40. நெருக்கமான போட்டியில் இந்த ஐந்து புள்ளி கிண்ணத்தையே மாற்றிவிடும்.

உங்கள் பத்தாம் ஆண்டுப் பிள்ளை முதலாவதாக வந்தால் சந்தோஷம். ஆனால் அன்றைக்கு நீங்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டியது ஐந்தாவது பிள்ளைக்கு. அவள் வழியில் இரண்டு பேரைத் தாண்டினால், முதல் பிள்ளை இரண்டு பேரைத் தாண்டியதற்குச் சமம்.

பாதை போடுவது பற்றி, அனுபவத்தில் சொல்கிறேன். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைத் தரித்துவிட்ட, மலைக்குள் பிள்ளைகளை விடவே கூடாது. வெட்டிய வாது ஈட்டி மாதிரி நிற்கும்; 1974-இல் என் முழங்காலில் ஏறிய தழும்பு இன்னும் இருக்கிறது. கான் (வடிகால்) வெட்டிய இடங்களில் பலகை போடாதீர்கள், மழையில் வழுக்கும். அந்தப் பக்கமே போகாமல் வளைத்துவிடுங்கள். ஒற்றையடிக் குறுக்குப்பாதையில் தொடங்க வேண்டாம், விளையாட்டுத் திடலை ஒரு சுற்றுச் சுற்றவிட்டால் கூட்டம் கலைந்து நீண்டுவிடும். திருப்பங்களில் சுண்ணாம்புக் கோடு, அதோடு வெள்ளை உரப்பையைக் கீற்றாகக் கிழித்துத் தேயிலைச் செடியில் கட்டுங்கள். தவறான பாதையின் வாயில் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். கொடி பிடிக்கிறவருக்குத் தேத்தண்ணீரை அவர் நிற்கிற இடத்துக்கே அனுப்புங்கள்.

தண்ணீரும் வைத்துவிடுங்கள், மலைதானே என்று விட்டுவிடாதீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தை வெயிலில் வைத்து, 38 பேர் தொடங்கி 15 பேர்தான் முடித்தார்கள். அதோடு ஒலிம்பிக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஒரு ஆள் போகிற சந்து மாதிரி செய்யுங்கள். வருகிற வரிசையிலேயே ஒன்று, இரண்டு என்று எண் எழுதிய அட்டைத் துண்டைக் கையில் கொடுங்கள். பிள்ளைகள் துண்டைத் தங்கள் டீச்சரிடம் கொடுப்பார்கள், டீச்சர் கூட்டுவார். கணக்குத் தகராறு வராது.

பண்டாரவளை மாஸ்டர்:

ஏழு பேருக்கு எங்கே போவது? பத்தாம் ஆண்டுக்குப் பிறகு என் பாடசாலைப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

மஸ்கெலியா டீச்சர்:

மாஸ்டர், எங்களுக்கும் அதே கதைதான். வகுப்புப் பதிவேட்டை வைத்து எண்ணிப் பார்த்தேன். எட்டாம் ஆண்டிலிருந்து எடுத்தால் ஆறு பேர் தேறுகிறார்கள். ஏழாவதாக ஒருத்தியைக் கேட்டேன். தம்பியைப் பிள்ளை மடுவத்திலிருந்து (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) கூட்டிப் போக வேண்டுமாம். இரண்டு மணிக்குள் முடிந்தால் ஓடுவாளாம். காலையிலேயே வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐயா, தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள மலையில் அடுத்த மாதம் கவ்வாத்தாம். அதனால் பாதையைக் கோயில் பக்கமாக மாற்றிவிட்டேன், நேற்று அவளோடு நடந்து பார்த்தேன். பீலிக்கரைக்கு இறங்குகிற இடத்தில் அவளே நின்று, ‘இங்கே கயிறு கட்டுங்கள் டீச்சர்’ என்றாள். கோயிலில் கேட்டுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். உரப்பைதான் இன்னும் கிடைக்கவில்லை.

பழைய ஓட்டக்காரன், தலவாக்கலை:

உரப்பை என் வீட்டில் நான்கு இருக்கிறது. ஹட்டன் பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். நாளைச் சொல்லுங்கள், கொடி பிடிக்க நானும் வருகிறேன். தேத்தண்ணீர் நானே கொண்டுவருவேன்.

பண்டாரவளை மாஸ்டர்:

நாளை எனக்கும் சொல்லுங்கள். எல்லே அணியில் நன்றாக ஓடுகிறவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். மற்ற இரண்டு பேருக்கு ஆள் பிடிக்க வேண்டும்.