விலைப்பட்டியலில் பெயருக்கும் விலைக்கும் நடுவே புள்ளிக்கோடு: சிஎஸ்எஸ்ஸில் எப்படிப் போடுவது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஒரு சைவ உணவகத்தின் வலைப்பக்கத்துக்கு விலைப்பட்டியல் தயாராகிறது. இடப்பக்கம் பண்டத்தின் பெயர், வலப்பக்கம் விலை, நடுவில் புள்ளிக்கோடு. அச்சடித்த மெனு கார்டில் இருக்குமே, அதேபோல் வேண்டும். இப்போதைக்கு பெயருக்குப் பின்னால் முற்றுப்புள்ளிகளை வரிசையாகத் தட்டி வைத்திருக்கிறேன். கணினியில் சரியாகத் தெரிகிறது. கைபேசியில் புள்ளிகள் அடுத்த வரிக்கு ஓடி, விலை கீழே தனியாகத் தொங்குகிறது. "இட்லி (2)" போன்ற சின்னப் பெயரும் உண்டு, "செட்டிநாடு காளான் மிளகு வறுவல்" போன்ற நீளமான பெயரும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இல்லாமல், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸை மட்டும் வைத்து முடியுமா?

மறுமொழி 1

தாராளமாக முடியும். முதலில் தட்டிய புள்ளிகளை எல்லாம் அழித்துவிடுங்கள். திரையின் அகலம் மாறும், தட்டிய புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது, சிக்கலே அதுதான்.

ஒவ்வொரு எல்ஐ-க்குள்ளும் (பட்டியலில் ஒரு பண்டத்துக்கான வரி) மூன்று ஸ்பான் (சின்ன உரைப்பெட்டி) வையுங்கள்: பெயர், கோடு, விலை. நடு ஸ்பான் காலியாகவே இருக்கட்டும். எல்ஐ-க்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் (பெட்டிகளை ஒரே வரிசையில் அடுக்கும் முறை), அலைன்-ஐட்டம்ஸ் பேஸ்லைன் (எழுத்து உட்காரும் மட்டத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவது). கோட்டுக்கு ஃப்ளெக்ஸ் 1, குறைந்தபட்ச அகலம் 1.5 எம் (எழுத்தின் அளவைப் பொறுத்த அலகு), இரு பக்கமும் 0.4 எம் மார்ஜின், பார்டர்-பாட்டம் 2 பிக்சல் டாட்டட் (கீழ் விளிம்பில் புள்ளிக்கோடு). விலைக்கு ஒயிட்-ஸ்பேஸ் நோராப் (வரி மடங்காமல் இருக்க). இதை விட்டால் "ரூ." ஒரு வரியிலும் "120" அடுத்த வரியிலுமாகப் பிரிந்துவிடும்.

பலரும் தவறவிடுவது பேஸ்லைனைத்தான். அது இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸ் தன் வழக்கப்படி எல்லாப் பெட்டிகளையும் ஒரே உயரத்துக்கு இழுக்கும். அப்போது கோடு வரியின் அடிமட்டத்தில், எழுத்தை விட்டு விலகிக் கீழே கிடக்கும். பேஸ்லைன் கொடுத்தால், காலிப் பெட்டியின் அடி விளிம்பே அதன் பேஸ்லைனாகக் கொள்ளப்படும். புள்ளிகள் எழுத்து உட்காரும் இடத்திலேயே உட்காரும்.

1 பிக்சல் டாட்டட் வேண்டாம். அந்தத் தடிமனில் வட்டம் வராது, சதுரப் பொட்டுகள்தான் வரும். 2 பிக்சலில் வைத்து நிறத்தை எழுத்தைவிடக் கொஞ்சம் வெளிறச் செய்யுங்கள். பட்டியலின் அகலத்தையும் 34 எம் அளவில் நிறுத்திவிடுங்கள். 1200 பிக்சலுக்கு நீளும் கோட்டைக் கண் பின்தொடராது.

மறுமொழி 2

மேலே சொன்னது ஒற்றை வரிப் பெயருக்குப் பிரமாதமாக வேலை செய்யும். காளான் மிளகு வறுவல் கைபேசியில் இரண்டு வரியாக மடங்கும்போதுதான் குறை தெரியும். மடங்கிய பெயரின் பெட்டி கிடைத்த அகலம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வரியில் "வறுவல்" மட்டும் இருந்தாலும், கோடு அந்தச் சொல்லின் பக்கத்தில் தொடங்காது; பெட்டியின் வலது ஓரத்தில் 1.5 எம் துண்டாக, அதுவும் முதல் வரியின் மட்டத்தில் நிற்கும்.

நீளமான பெயர்கள் அதிகம் என்றால் கிரிட்டுக்கு (இடத்தை நெடுவரிசைகளாகப் பிரிக்கும் முறை) மாறுங்கள். எல்ஐ-யில் இரண்டே நெடுவரிசை: முதலாவது 1 எஃப்ஆர் (மிச்ச இடம் முழுவதும்), இரண்டாவது மேக்ஸ்-கன்டென்ட் (விலைக்குத் தேவையான அகலம்). அலைன்-ஐட்டம்ஸ் எண்ட். தனிக் கோட்டு ஸ்பான் தேவையில்லை. பெயர் ஸ்பானுக்கு பொசிஷன் ரிலேட்டிவ்; அதன் ஆஃப்டர் சூடோவுக்கு (பெயருக்குப் பின்னால் சிஎஸ்எஸ்ஸே சேர்க்கும் பகுதி) பொசிஷன் அப்சொல்யூட், ஒயிட்-ஸ்பேஸ் நோராப், கன்டென்ட்டில் இடைவெளி விட்டு நூறு புள்ளிகள். லெஃப்ட், டாப் எதுவும் கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால்தான் அது கடைசிச் சொல் முடிந்த இடத்திலிருந்தே தொடங்கும். புள்ளிகளும் எழுத்தே என்பதால் மட்டமும் தானாகப் பொருந்தும்.

மிச்சப் புள்ளிகளை வெட்ட ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போடாதீர்கள். ஹிட்டன் மேலும் கீழும் சேர்த்து வெட்டும். வரி உயரம் இறுக்கமாக இருந்தால் தமிழில் மேலே மெய்யெழுத்தின் புள்ளியும் கீழே "ஞ", "ழ" ஆகியவற்றின் வாலும் நறுக்கப்படும். ஓவர்ஃப்ளோ-எக்ஸ் கிளிப் என்று கொடுத்தால் பக்கவாட்டில் மட்டும் வெட்டும். வரி உயரம் 1.5-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்டென்ட்டில் எழுத்தாகப் புள்ளி வைத்தால் திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள்) அதையும் வாசிக்கக்கூடும். கன்டென்ட் மதிப்புக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அதன்பின் வெற்று மேற்கோள்குறிகள் என்று எழுதினால் அமைதியாகக் கடந்துவிடும். சஃபாரி 17.4, ஃபயர்ஃபாக்ஸ் 128 முதல் இது உண்டு. பழைய பிரவுசர் அந்த வரியை அப்படியே ஒதுக்கிவிடும் என்பதால், சாய்கோடு இல்லாத வரியை அதற்கு மேலே ஒருமுறை எழுதி வையுங்கள்.

கேட்டவர்

இரண்டுக்கும் நன்றி. கிரிட் முறையில் மடங்கும் பெயர்கள் சரியாகிவிட்டன. தேநீர், காபி பகுதியில் எல்லாம் சின்னப் பெயர்கள் என்பதால் அங்கே ஃப்ளெக்ஸே போதும். ஆனால் அங்கே புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன, வரிக்கு வரி முன்பின்னாகவும் விழுகின்றன. இந்தப் பக்கத்தைக் கடையில் அச்செடுத்தும் ஒட்டுவார்கள்.

மறுமொழி 3

டாட்டட் பார்டரில் புள்ளிகளின் இடைவெளி நம் கையில் இல்லை, பிரவுசர்தான் முடிவுசெய்கிறது. இடைவெளி வேண்டுமானால் பார்டரை எடுத்துவிட்டு, கோட்டு ஸ்பானுக்கு 3 பிக்சல் உயரமும் பின்னணியாக ஒரு ரேடியல் கிரேடியன்ட்டும் (நடுவிலிருந்து வெளியே நிறம் மாறும் பின்னணி) கொடுங்கள்: வட்டம், 1 பிக்சல் வரை கரன்ட்கலர் (எழுத்தின் நிறம்), 1.5 பிக்சலில் டிரான்ஸ்பரன்ட். பேக்கிரவுண்ட்-சைஸ் அகலம் 6 பிக்சல், உயரம் 3 பிக்சல், ரிபீட்-எக்ஸ். அந்த 6-ஐ 8 ஆக்கினால் புள்ளிகள் தள்ளித் தள்ளி நிற்கும்.

புள்ளிகள் மேலும் கீழும் நேராக நிற்பதற்கு இரண்டு காரியம் செய்யுங்கள். பேக்கிரவுண்ட்-பொசிஷனை ரைட் பாட்டம் என்று வையுங்கள். இயல்பில் பின்னணி இடது ஓரத்திலிருந்து எண்ணப்படுகிறது, பெயரின் நீளம் மாறும்போதெல்லாம் புள்ளி நகர்வது அதனால்தான். அடுத்து, எல்லா விலைக்கும் ஒரே அகலம், உதாரணமாக 4 எம், கொடுத்து வலப்பக்கம் ஒதுக்குங்கள். இப்போது எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் முடியும், புள்ளிகளும் நேராகிவிடும். விலை ரூ. 15-ம் ரூ. 180-ம் கலந்திருந்தால் இரண்டிலக்க விலைக்கு முன்னால் ஓர் எண் அகலம் கூடுதலாக வெற்றிடம் விழும். புள்ளிகள் கலைந்து கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அச்சில் கவனம் தேவை. பிரவுசர்கள் இயல்பாகப் பின்னணியை அச்சிடுவதில்லை. கிரேடியன்ட் புள்ளிகள் மொத்தமாக மறைந்துவிடும். பிரின்ட்-கலர்-அட்ஜஸ்ட் எக்ஸாக்ட் என்று கேட்கலாம். என் பரிந்துரை வேறு: மீடியா பிரின்ட் பகுதிக்குள் (அச்சுக்கு மட்டும் பொருந்தும் சிஎஸ்எஸ்) பின்னணியை நீக்கிவிட்டு, உயரத்தைச் சுழியமாக்கி, அதே ஸ்பானுக்கு 1.5 பாயின்ட் டாட்டட் பார்டர் கொடுங்கள். பார்டர் எப்போதும் அச்சாகும்.

மறுமொழி 4

அச்சுப் பிரதியைத் தனிப் பிடிஎஃப்-ஆகவே எடுப்பதாக இருந்தால் இந்த வித்தைகள் எதுவும் வேண்டாம். பிரின்ஸ், ஆன்டெனா ஹவுஸ் போன்ற, வலைப்பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள்களில் கன்டென்ட்டுக்குள் லீடர் என்ற ஃபங்ஷனே உண்டு. எந்தக் குறியை நிரப்புவது என்று சொன்னால் போதும், அகலத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். பிரவுசர்களில் அது வேலை செய்யாது. ஆகவே அந்த வரியைப் பிடிஎஃப்-க்கான தனி சிஎஸ்எஸ் கோப்பில் மட்டும் வையுங்கள்.