ஹாரோவில லீஸ்ஹோல்ட் பிளாட்: எந்தச் சொலிசிட்டரைப் பிடிக்கிறது?

புதுவீடு_தேடி
லண்டன் ஹாரோவில இரண்டு அறை பிளாட், 340,000 பவுண்ஸ். ஒஃபரை ஏற்றுக்கொண்டிட்டினம். லீஸ்ஹோல்ட் (குறிச்ச வருசத்துக்கு நீண்ட குத்தகை), 81 வருசம் மிச்சம். ஏஜெண்ட் தங்கட சொலிசிட்டரைத்தான் பிடிக்கச் சொல்லி நிக்கிறார்: 795 பவுண்ஸ், வற் வரி தனி. இங்க தமிழ் சொலிசிட்டர் ஒருத்தர் 1,450 சொல்றார். டிப்போசிட்டில ஒரு பங்கு சீட்டுக் காசு, ஒரு பங்கு மாமா தாறது. மோர்ட்கேஜும் வீடும் என்ர பேரில மட்டும். எனக்கு எங்கயும் வீடில்லை. மனைவிக்குச் சீதனமாக் குடுத்த வீடு யாழ்ப்பாணத்தில இருக்கு. முத்திரை வரி 2,000 எண்டு கல்குலேட்டர் காட்டுது. எதைப் பார்த்துத் தெரிவு செய்யிறது?

வெம்பிளி_கோப்பு
அந்த இரண்டு தொகையையும் நேராக ஒப்பிடாதேங்கோ. மலிவு முதல் வரியில மட்டும்தான். கீழ இறங்கினால் லீஸ்ஹோல்டுக்கு மேலதிகம், மோர்ட்கேஜ் வேலைக்கு, அன்பளிப்புக் காசைச் சரிபார்க்க, அடையாளச் சோதனைக்கு, வரிப் படிவம் நிரப்ப, காசு அனுப்ப எண்டு ஒவ்வொண்டும் தனித்தனி. அதுக்கு மேல 20% வற். எல்லாம் சேர்த்த முழுத்தொகையை இரண்டு பேரிட்டையும் எழுத்தில கேளுங்கோ. சர்ச் கட்டணம் (கவுன்சில் பதிவுகளைத் தேடிப் பார்க்க), லேண்ட் ரெஜிஸ்ட்ரி (காணிப் பதிவகம்) கட்டணம் ஆரிட்டப் போனாலும் ஏறக்குறைய ஒண்டுதான்.

ஏஜெண்ட் உங்களைக் கட்டாயப்படுத்த ஏலாது. ஆள் அனுப்பிறதுக்கு அவருக்குக் கமிஷன் கிடைக்குது எண்டால், சொலிசிட்டர் அதை உங்களுக்குச் சொல்லியே ஆகவேணும்.

சொலிசிட்டர்மாரை ஒழுங்குபடுத்திற எஸ்.ஆர்.ஏ. பதிவேட்டில நிறுவனத்தையும் ஆளையும் தேடிப் பாருங்கோ. லைசென்ஸ்ட் கன்வேயன்சர் (வீட்டுச் சொத்து மாற்றுற வேலைக்கு அனுமதி பெற்றவர்) எண்டால் அவையை ஒழுங்குபடுத்திற சி.எல்.சி.யின்ர பதிவேடு. லோ சொசைட்டியின்ர சி.கியூ.எஸ். எண்ட வீட்டுச் சொத்து வேலைக்கான தர அங்கீகாரம் இருந்தால் நல்லது. உங்கட வங்கியின்ர பனலில (வங்கி ஏற்ற சொலிசிட்டர்மாரின்ர பட்டியல்) இருக்கினமோ எண்டதையும் கட்டாயம் கேளுங்கோ. இல்லாட்டி வங்கி தனக்கெண்டு வேற சொலிசிட்டரை வைக்கும், அந்தச் செலவு உங்கட தலையில. கோப்பை ஆர் கையாளுறது, அவர் லீவில போனால் ஆர் எண்டும் கேளுங்கோ. பெயர்ப்பலகையில இருக்கிறவர் உங்கட கோப்பைத் திறந்தே பார்க்காமல் இருக்கலாம்.

லீஸ்_கணக்கு
81 வருஷம்னா விஷயம் கொஞ்சம் அவசரம். 80-க்குக் கீழே போயிட்டா, லீஸை நீட்டிக்கிறப்போ 'மேரேஜ் வேல்யூ'ன்னு கூடுதலா ஒரு தொகை நிலத்துச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருக்குப் போகும். 2024 லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் அதை நீக்கிடுச்சுன்னு சொல்றவங்க நிறைய. அந்தப் பிரிவு இன்னும் அமலுக்கு வரலை. லீஸை நீட்டிக்க, வாங்கி ரெண்டு வருஷம் காத்திருக்கணும்ங்கிற விதி 2025 ஜனவரி 31-ல போயிடுச்சு. ஆனா லீஸை நீட்டிக்கக் கேட்டு நோட்டீஸ் குடுக்க உங்க பேர் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில ஏறியிருக்கணும், அது மாசக்கணக்குல இழுக்கலாம். அதனால விற்கிறவரே கம்ப்ளீஷனுக்கு (வீடு கைமாறுற நாள்) முன்னாடி இந்த செக்‌ஷன் 42 நோட்டீஸ் குடுத்து, அந்த உரிமையை உங்களுக்கு மாத்தித் தர்ற வழியை யோசிக்கணும். ரெண்டு சொலிசிட்டரையும் இதையே கேளுங்க. "வாங்கின பிறகு பார்த்துக்கலாம்"னு பதில் வந்தா அந்த ஆள் வேண்டாம்.

எல்.பி.இ.1 (லீஸ்ஹோல்ட் பத்தின கேள்விப் படிவம்) பதில்களை முதல் வாரமே ஆர்டர் பண்ணச் சொல்லுங்க. சர்வீஸ் சார்ஜ் பாக்கி, ரிசர்வ் நிதி, வரப்போற பெரிய பராமரிப்பு வேலை எல்லாம் அதுலதான் தெரியும். மேனேஜிங் ஏஜெண்ட் அதை அனுப்பத் தாமதிக்கிறதுதான் பிளாட் வாங்குறதுல வழக்கமான இழுபறி. கட்டடம் 11 மீட்டருக்கு மேல இருந்தா, 2022 பில்டிங் சேஃப்டி சட்டச் சான்றிதழ்களையும் கேட்கணும்.

முத்திரை_வரி
வரிக் கணக்கு பிழை. யாழ்ப்பாண வீட்டில மனைவியின்ர பங்கு 40,000 பவுண்ஸோ கூடவோ பெறுமதி எண்டால், சேர்ந்து வாழுற கணவன் மனைவியை வரித் திணைக்களம் ஒரே ஆளாகத்தான் பார்க்கும். வீடு உலகத்தில எங்க இருந்தாலும் சேரும். யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் அவவின்ர தனிச்சொத்து எண்ட வாதம் இங்க எடுபடாது. முதல்முறை வாங்கிறவருக்கான சலுகை போகும், 5% மேலதிக வரி வரும். முதல் 125,000 வரைக்கும் ஒண்டுமில்லை, அடுத்த 125,000க்கு 2,500, மிச்ச 90,000க்கு 4,500, முழு விலையில 5% எண்டு 17,000. மொத்தம் 24,000. கம்ப்ளீஷன் முடிஞ்சு 14 நாளுக்குள்ள கட்டவேணும். படிவத்தை சொலிசிட்டர் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையது. முதல் தொலைபேசி அழைப்பிலயே "வெளிநாட்டில சொத்து இருக்கோ, மனைவிக்கு இருக்கோ?" எண்டு கேட்கிறவரிட்டக் கோப்பைக் குடுங்கோ.

புதுவீடு_தேடி
24,000 எண்டு கனவிலயும் நினைக்கேல்லை. வீட்டை மதிப்பிடுவிக்கிறன். சீட்டுக் காசு பிரச்சினையாகுமோ?

வெம்பிளி_கோப்பு
கையில வாங்கின காசு எண்டால் ஆகும். மாதாமாதம் கட்டினதும் சீட்டு எடுத்ததும் வங்கிக் கணக்கில தெரியவேணும். நடத்தினவரிட்ட ஆக்களின்ர பட்டியலோட கடிதமும் எடுங்கோ. அதைக் கடன் எண்டு சொலிசிட்டர்மார் முடிவெடுத்தால் வங்கிக்கு அறிவிப்பினம். மாமா அன்பளிப்புக் கடிதம், பாஸ்போர்ட், ஆறு மாத வங்கிக் கூற்று குடுக்கவேணும். திருப்பிக் கேட்கமாட்டன், வீட்டில பங்கில்லை எண்டு கடிதத்தில இருக்கவேணும். ஆளைத் தெரிவு செய்ய முதலே சீட்டுக் காசைப் பற்றிச் சொல்லுங்கோ. சில நிறுவனங்கள் அதைத் தொடவே மாட்டினம்.

டிப்போசிட் அனுப்பேக்க, "கணக்கு இலக்கம் மாறிட்டுது" எண்டு ஈமெயில் வந்தால் அது அநேகமாகக் களவு. கோப்பு தொடங்கின நாளில குறிச்சு வைச்ச இலக்கத்துக்கு எடுத்துக் கேட்ட பிறகு காசை அனுப்புங்கோ.